தாய்ப்பெட்டி

அத்தியாயம் 14

புதன்கிழமை வந்துவிட்டது.

குரு ஞாயிற்றுக்கிழமையே நாள் குறித்துவிட்டுப் போயிருந்தான். "புதன்கிழமை கம்பெனி வண்டி வரட்டும். ஏத்தறதுக்கு ஒரு பூச்சி மிஞ்சாது." தம்பி மாதுவின் இடது கையைக் கடப்பாரையால் அடித்து முறித்துவிட்டு, அந்தக் கடப்பாரையைக் கீழே போடாமலேயே சொன்ன வார்த்தை அது.

அன்றைக்கு குருவின் மகள் மஞ்சுவுக்கு உறுதிவார்த்தை பேச, அதியமான்கோட்டையிலிருந்து இரண்டு கார் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். ஹைவேயில் ஓட்டல் வைத்திருக்கிற குடும்பம். தட்டு மாற்றியாயிற்று. பந்தியில் உட்கார்ந்தாயிற்று. மாப்பிள்ளையின் தாய்மாமன் கை கழுவப் பின்பக்கம் வந்தவன், மாதுவின் கொட்டகையைப் பார்த்து நின்றான்.

"உள்ள என்ன, கோழியா?"

"சுவர்க்கோழிங்க," என்று மாது பெருமையாகச் சொல்லிவிட்டான். "பூச்சிங்க. மாவாக்கி பிஸ்கட்டுல போடறாங்க. மனுசங்க தின்னறதுக்குத்தான்."

சாப்பிடாமலே எழுந்து போனார்கள். மாற்றிய தட்டைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார்கள். அரை மணி நேரத்தில் மாதுவின் கை முறிந்தது.

அதற்குப் பிறகு குரு வீட்டில் சாப்பிடவில்லை. மனைவி சுகுணாவும் அவனோடு பேசவில்லை. பென்னாகரம் பஸ் ஸ்டாண்டில் அவனைப் பார்த்ததாகச் சிலர் சொன்னார்கள்.

இன்றைக்கு ஒரு மணிக்கு ஓசூர் கம்பெனி வண்டி வரும்.

கொட்டகைக்கு வெளியே மூன்று கல் வைத்து, காவேரி பெரிய அண்டாவில் தண்ணீர் காய வைத்திருந்தாள். மாதுவின் மனைவி. முப்பத்து நான்கு வயது. சேலைக்கு மேல் மாதுவின் பழைய சட்டை ஒன்றைப் போட்டிருந்தாள்.

"தண்ணி கொதிச்சுதாங்க, பாருங்க."

"ஒத்தைக் கையில பாக்கறன் இரு."

"பாக்கறதுக்குக் கண்ணு போதும். கை எதுக்கு?"

மாது சிரித்தான். மூன்று நாளில் முதல் சிரிப்பு. மாவுக்கட்டு போட்ட கை கழுத்திலிருந்து தூளியில் தொங்கியது.

கொட்டகைக்குள் இருபத்தெட்டு பிளாஸ்டிக் பெட்டிகள் இரும்பு ராக்கையில் தட்டுத் தட்டாக அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் முட்டை அட்டைகளைச் செங்குத்தாக நிறுத்தி, இடுக்குகளில் ஆயிரக்கணக்கில் பூச்சிகள். அதில் இருபத்திரண்டு பெட்டி இன்றைக்குப் போகிற சரக்கு. நேற்றுக் காலையிலிருந்து அவற்றுக்குத் தீனி கிடையாது. வயிறு காலியானால்தான் மாவு கசக்காது. கொதிநீரில் ஒரு முக்கு, எடுத்து வடித்து ஐஸ் பெட்டி.

மிச்சம் ஆறும் தாய்ப்பெட்டி. அடுத்த ஈட்டுக்கு முட்டை வைப்பவை. அவற்றுக்கு மட்டும் இன்றும் தவிடும் பச்சைத் தழையும் உண்டு.

போன வருஷம் போர்க்கிணறு வற்றி நிலக்கடலை கருகியபோது, இந்த இரண்டு ஏக்கரை விற்றுவிட்டு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகலாம் என்று மாது மூட்டை கட்டினான். மறித்தவள் காவேரி. ஒரு நாளைக்கு ஆறு குடம் தண்ணீரில் இந்தக் கொட்டகை நடந்தது. இன்றைக்கு லோடு சரியாகப் போனால் கம்பெனி ஒரு வருஷ ஒப்பந்தம் போடும். போகாவிட்டால் வேறு ஊரைப் பார்க்கும். போனிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்.

பன்னிரண்டரை மணிக்குள் பதினைந்து பெட்டிகளை முக்கி எடுத்துவிட்டாள்.

அப்போதுதான் பின்வேலியைத் தாண்டி சுகுணா வந்தாள். இடுப்பில் ஒரு கூடை அகத்தித் தழை.

"என்னா அக்கா, மாமாவுக்குத் தெரிஞ்சா?"

"தெரியட்டும். பேசினாத்தானே கேக்க முடியும்? மூணு நாளா அந்த மனுசனும் வாயத் தொறக்கல, நானும் தொறக்கல." சுகுணா செருப்பைக் கழற்றி, நோய் அண்டாமலிருக்க வாசலில் வைத்திருந்த சுண்ணாம்புத் தட்டில் காலை மிதித்துவிட்டு உள்ளே வந்தாள். "ஒத்தைக் கையோட தம்பி என்னா பண்ணும்? நான் தழையைப் போடறன். நீ அண்டாவப் பாரு."

"மஞ்சு எப்படிக் கீறா?" என்றான் மாது.

"அழுது அழுது வாயெல்லாம் புண்ணு. சோறு எறங்கல. அகத்திய வேவிச்சு ஒரு கிண்ணம் குடுத்தன். தின்னுட்டுப் படுத்திருக்கா."

"அண்ணிக்கும் கோவம்தானே எம்மேல?"

"உம்மேல எனக்கு என்னா கோவம்? சாப்பிடற எடத்துல பூச்சின்னு சொல்லிட்டியேன்னுதான். கோழின்னு சொல்லியிருந்தா அவன் பாட்டுக்குக் கை கழுவிட்டுப் போயிருப்பான்."

சுகுணா தாய்ப்பெட்டிகளுக்குக் கைப்பிடி கைப்பிடியாகத் தழை போட்டாள். முதல் நான்கு பெட்டிக்குப் போட்டுவிட்டு, தவிடு எடுக்கத் திரும்பினாள்.

கொட்டகை எப்போதும் கத்திக்கொண்டே இருக்கும். வளர்ந்த ஆண்பூச்சிகளின் கிரீச்சொலி. உள்ளே இருப்பவர்களுக்கு அது கேட்பதே இல்லை. பழகிவிட்டது.

இப்போது காவேரிக்குக் கேட்டது. சத்தம் குறைவது கேட்டது.

வடிகூடையைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். முதல் தாய்ப்பெட்டியில் பூச்சிகள் மல்லாந்து கிடந்தன. பின்னங்கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. தழை மேல் ஏறியவை அங்கேயே ஒட்டிக்கொண்டு துடித்தன. இரண்டாவது பெட்டியில் பாதி. மூன்றாவதில் துடிப்பு அப்போதுதான் ஆரம்பித்திருந்தது.

"தழையை எடு அக்கா. எடு, எடு."

"எத்தன செத்துச்சு?"

கேட்டது சுகுணா இல்லை.

வாசலில் குரு நின்றான். காலில் செருப்பு. சுண்ணாம்புத் தட்டை உதைத்துத் தள்ளியிருந்தான். வலது கையில் கொடுவாள்.

"நாலு பெட்டியா? இன்னும் ரெண்டு இருக்குமே," என்றான். நிதானமாகச் சொன்னான்.

"மாமா, வெளிய போங்க."

"எம்பொண்ணு வாழ்க்கைய அண்டாவுல போட்டு அவிச்சுட்டு, என்னை வெளிய போகச் சொல்றியா?"

"அண்ணா." மாது குறுக்கே வந்தான். "மொத மழைக்கு ஈசல் புடிச்சு, அரிசியோட வறுத்து, மடி நெறய கட்டிக்கிட்டுத் தின்னவன்தானே நீ. அந்த அதியமான்கோட்டைக்காரனும் தின்னவன்தான். அது மட்டும் என்னா, பூவா?"

"ஈசல் வானத்துல பறக்கறது. இது பெட்டிக்குள்ள பேண்டு பேண்டு வளர்றது."

சொல்லிக்கொண்டே கொடுவாளை வீசினான். ராக்கையின் மேல்தட்டுப் பெட்டி இரண்டாகப் பிளந்தது. ஒரு நாள் பட்டினி கிடந்த பூச்சிகள் பழுப்பு மழையாகக் கொட்டின. குருவின் தோளில், லுங்கியில், செருப்பு இடுக்கில். அவன் ஒரு கையால் தட்டிவிட்டுக்கொண்டே அடுத்த பெட்டியை வெட்டினான். அதற்கடுத்ததையும்.

மாது ஒரு கையால் அவன் இடுப்பைப் பிடித்தான்.

குரு முழங்கையால் பின்னால் இடித்தான். மாதுவின் உதடு கிழிந்தது. விடவில்லை. குரு திரும்பி, கொடுவாளின் பின்புறத்தால் மாவுக்கட்டின் மேல் ஓங்கி அடித்தான். கட்டு மண்சட்டி போல உடைந்தது. மூன்று நாளுக்கு முன் முறிந்த எலும்பு மறுபடியும் முறியும் சத்தம் காவேரிக்குக் கேட்டது.

மாதுவுக்குக் கத்துவதற்கு மூச்சு வரவில்லை. முழங்காலிட்டு விழுந்தான்.

இரண்டாவது வீச்சு கொடுவாளின் கூர்ப்பக்கத்தோடு வந்தது. மாது தலையைச் சாய்த்ததால் கழுத்து தப்பியது. காதின் மேல்பாதி தப்பவில்லை. ரத்தம் கன்னத்தில் வழிந்து, தரையில் ஊர்ந்த பூச்சிகளின் மேல் சொட்டியது. பசித்தவை ரத்தத்தை மொய்த்தன.

காவேரி வெளியே ஓடினாள். ஓடிவிட்டாள் என்றுதான் குரு நினைத்தான்.

அவள் திரும்பி வந்தபோது கையில் பிளாஸ்டிக் வாளி. அண்டாவில் முக்கி எடுத்த கொதிநீர்.

அவன் தொடையிலிருந்து பாதம் வரை ஊற்றினாள்.

குருவின் அலறலில் கூரைத் தகடு அதிர்ந்தது. லுங்கி தோலோடு ஒட்டிக்கொண்டது. அவன் அதைப் பிய்த்து இழுத்தபோது பாதத்தின் மேல் தோல் துணியோடு சேர்ந்து உரிந்து வந்தது. கொடுவாள் கையிலிருந்து நழுவி விழுந்தது.

காவேரி அதைக் காலால் எற்றிவிட்டாள்.

"போதும் மாமா. போயிருங்க."

குரு போகவில்லை. அரைஞாணில் செருகியிருந்த பாட்டிலை உருவினான். பல்லால் மூடியைக் கடித்துத் திருகித் துப்பினான்.

"மிச்ச ரெண்டு தாயும் சாவட்டும்."

நொண்டிக்கொண்டே தாய்ப்பெட்டிகளை நோக்கிப் போனான். காவேரி அவன் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்தாள். அவன் மறு கையால் அவள் கொண்டையைப் பிடித்து ராக்கையில் மோதினான். ஒரு தடவை. இரண்டாவது தடவை. நெற்றி பிளந்தது. அவள் மணிக்கட்டை விடாமல், அதில் பல்லைப் பதித்தாள். எலும்பு தட்டுகிற வரை கடித்தாள்.

பாட்டில் இரும்புச் சட்டத்தில் மோதிச் சிதறியது. உள்ளே இருந்த திரவம் காவேரியின் முழங்கையிலிருந்து வழிந்து, சட்டை, சேலை என்று நெஞ்செல்லாம் நனைத்தது. பூச்சிமருந்தின், மண்ணெண்ணெய் கலந்த பூண்டு நாற்றம்.

சுகுணா அடுப்பிலிருந்து எரிகிற விறகுக் கட்டையை எடுத்து வந்திருந்தாள். மூன்று நாளாகக் கணவனோடு பேசாதவள், இப்போதும் பேசவில்லை. நெருப்பு நுனியால் அவன் முதுகில் ஓங்கிப் போட்டாள். குரு குப்புற விழுந்தான். மறுபடியும் ஓங்கினாள்.

"அக்கா."

காவேரியின் குரல் விசித்திரமாக இருந்தது. சுகுணா ஓங்கிய கையோடு நின்றாள்.

காவேரி செத்த பூச்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவற்றின் மேல் கிடந்த தழையைப் பார்த்தாள்.

"மஞ்சு தின்ன கீரை, எந்த மரம்?"

"இதே மரம்தான். நம்ம வரப்பு அகத்தி. ஒரே கையா பறிச்சன்..." சுகுணாவும் தழையைப் பார்த்தாள்.

இந்தப் பக்கத்தில் மருந்து அடித்தால் வரப்பில் ஒரு குச்சி நட்டு, சிவப்புத் துணி கட்டிவிடுவார்கள். பட்டுப்புழு வைத்திருப்பவர்கள் நிறைய இருக்கிற ஊர். துணியைப் பார்த்தால் ஒரு வாரத்துக்கு யாரும் அந்தத் தழையைத் தொடமாட்டார்கள். காவேரி பூச்சிகளுக்குத் தழை பறிக்கிற வரப்பு அகத்தி எட்டு மரத்துக்கும் குரு நேற்றுச் சாயங்காலம் அடித்தான். தண்ணீர் கலந்ததை விட மருந்து அதிகம். துணி கட்டவில்லை. கட்டினால் காவேரிக்குத் தெரிந்துவிடும்.

மனைவியிடமும் சொல்லவில்லை. யார் முதலில் பேசுவது என்ற வீம்பு.

"வூட்டுக்கு நீ முருங்கைதானே பறிப்ப," என்றான் குரு, தரையிலிருந்து. "அகத்தி எதுக்குடி பறிச்ச?"

"புள்ளைக்கு வாய்ப்புண்ணு," என்றாள் சுகுணா. கட்டையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

காவேரியும் ஓடினாள். வேலி முள் சேலையைக் கிழித்தது. பின்னால் குரு உரிந்த காலோடு வந்துகொண்டிருந்தான். விழுந்தான், எழுந்தான், வந்தான்.

மஞ்சு கூடத்தில் பாயில் கிடந்தாள். பத்தொன்பது வயது. வாயோரம் நுரை. பாவாடை நனைந்திருந்தது. உடம்பெல்லாம் வியர்வை ஊற்றியது. கன்னத் தசை தானாகத் துடித்துக்கொண்டிருந்தது. இமையைத் தூக்கிப் பார்த்தாள் காவேரி. கருமணி கடுகாகச் சுருங்கியிருந்தது.

பக்கத்தில் காலிக் கிண்ணம். வழித்துத் தின்றிருந்தாள்.

"உப்புத்தண்ணி கரைச்சு ஊத்து," என்றான் குரு, நிலைக்காலைப் பிடித்துக்கொண்டு.

"வாயில ஒண்ணும் ஊத்தாதீங்க. நெனப்பு இல்ல, பொரை ஏறிரும். அக்கா, ஒருக்களிச்சுப் படுக்க வை." காவேரி நூற்றெட்டுக்குப் போன் போட்டாள்.

ஆம்புலன்ஸ் ஒகேனக்கல்லில் ஒரு விபத்துக்குப் போயிருந்தது. நாற்பது நிமிஷம் ஆகும் என்றார்கள்.

மஞ்சுவின் மூச்சு சளி கட்டிய குழந்தையின் மூச்சு போலக் கொளகொளத்தது.

அப்போது கொட்டகைப் பக்கம் ஹாரன் சத்தம் கேட்டது. காவேரி வேலியைத் தாண்டித் திரும்பி ஓடினாள்.

ஓசூர் வண்டி. ஒரு மணி என்றால் ஒரு மணிக்கு வந்துவிட்டது. சின்ன லோடு வண்டி, பின்னால் தார்ப்பாய்க் கூண்டு, உள்ளே ஐஸ் நிரப்பிய தெர்மாகோல் பெட்டிகள். டிரைவர் அருண்குமார் இறங்கி, ரத்தத்தைப் பார்த்து மறுபடியும் ஏறப் போனான்.

"தம்பி, பெட்டிய எறக்கு," என்றாள் காவேரி.

"எக்கா, என்னாக்கா இது? மூஞ்செல்லாம்..."

"எறக்கு. புள்ளைய ஏத்தணும். பென்னாகரம் ஆஸ்பத்திரி."

"ஐஸ் கீழ வெச்சா அரை மணில கரைஞ்சிரும். உங்க சரக்கு வீணாப் போயிரும். லோடு இல்லாம போனா சார் கான்ட்ராக்டே இல்லேன்னுருவாருக்கா. என்னையும் திட்டுவாரு."

காவேரி வண்டியில் ஏறி, முதல் பெட்டியைக் காலால் தள்ளினாள். கீழே விழுந்து வெடித்து, ஐஸ் மண்ணில் சிதறியது. இரண்டாவது பெட்டி. மூன்றாவது. காலையிலிருந்து முக்கி எடுத்து வடித்து வைத்த பதினைந்து பெட்டிச் சரக்கும் வெயிலில் சாக்கின் மேல் கிடந்தது. அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான்காவது பெட்டியை அருண்குமாரே இறக்கினான்.

மாது கொட்டகை வாசலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். துண்டைச் சுருட்டிக் காதில் அழுத்தியிருந்தான். உடைந்த கை மடியில் கிடந்தது.

"நீங்களும் ஏறுங்க."

"நான் அடுத்த வண்டியில வர்றன். எடம் பத்தாது. புள்ளையப் பாரு, போ." தலையை உள்பக்கம் திருப்பிக் காதுகொடுத்தான். "ரெண்டு தாய் இன்னும் கத்துது காவேரி."

வண்டியை குரு வீட்டு வாசலுக்கு ஓட்டிப்போய், மஞ்சுவைத் தூக்கிப் போட்டார்கள். சுகுணா தலையை மடியில் வைத்துக்கொண்டாள். குருவை ஏற்ற யாரும் கை கொடுக்கவில்லை. அவனே கம்பியைப் பிடித்துத் தொங்கி, வயிற்றால் ஊர்ந்து ஏறினான். உரிந்த பாதம் தகரத்தில் பட்டபோது பல்லைக் கடித்தான்.

வண்டி மண்பாதையில் குதித்துக்கொண்டு ஒகேனக்கல் ரோட்டைப் பிடித்தது. பென்னாகரத்துக்குப் பதினொரு கிலோமீட்டர்.

"மருந்து பேரு என்னா மாமா?"

குரு மகளின் கால் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"பேரு சொல்லுங்க. டாக்டர் கேப்பாங்க."

"போலீஸு..." என்றான்.

காவேரி அவன் உரிந்த பாதத்தின் மேல் தன் குதிகாலை வைத்தாள். வைத்து அழுத்தினாள். அவன் கண் செருகியது. சுகுணா பார்த்துக்கொண்டே இருந்தாள். தடுக்கவில்லை.

குரு பெயரைச் சொன்னான்.

காவேரி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, அதை எழுத்தெழுத்தாகச் சொன்னாள். நர்ஸம்மாவின் குரல் அவசரமாக, ஆனால் தெளிவாக வந்தது. எப்போது சாப்பிட்டாள், எவ்வளவு, மூச்சு எப்படி. காவேரி ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"சரிம்மா, ஊசி ரெடியா வெச்சிருக்கோம். நேரா வாங்க, எங்கியும் நிக்காதீங்க. இன்னும் பதினஞ்சு நிமிசம் தாண்டக்கூடாது."

"வந்துருவோம்ங்க."

"இன்னொண்ணு. மருந்து வேற யார் மேலயாவது பட்டுச்சா? தோல் வழியாவும் ஏறும் அது. பட்டிருந்தா வண்டிய அங்கியே நிறுத்தி, துணிய அவுத்துட்டு, சோப்பு போட்டு நல்லாக் கழுவிட்டுத்தான் வரணும். தள்ளிப்போடக் கூடாது."

காவேரி குனிந்து பார்த்தாள். சட்டை நெஞ்சோடு ஒட்டிக் காய்ந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரமாக வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. பயத்தில் என்று நினைத்திருந்தாள். போனைப் பிடித்த கையின் கட்டைவிரல், அவள் சொல்லாமலே துடித்தது. உச்சி வெயிலில், ரோட்டோரப் புளிய மரங்கள் அந்தி நேரத்து மரங்கள் போல மங்கிக்கொண்டு வந்தன.

தோளுக்குப் பின்னால் டிரைவரின் கண்ணாடி ஜன்னல். தட்டினால் நிறுத்திவிடுவான். தண்ணீர் தேட வேண்டும். சோப்பு தேட வேண்டும்.

சுகுணாவின் மடியில் மஞ்சுவின் மார்பு ஏறியது. வெகு நேரம் கழித்து இறங்கியது.

"ஹலோ? கேக்குதாம்மா? யார் மேலயாவது பட்டுச்சா?"

"யார் மேலயும் படலைங்க," என்றாள் காவேரி. போனை வைத்தாள்.

எதிரே குரு அவளுடைய நனைந்த நெஞ்சையும், துடிக்கிற விரலையும் பார்த்துக்கொண்டிருந்தான். பாட்டில் எங்கே உடைந்தது என்று அவனுக்குத் தெரியும்.

அவனும் ஜன்னலைத் தட்டவில்லை.